உப்புநீர்ப் பை குறைந்தால் உயிர் காப்பது எது?

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் தாதியர் சார்பில் நிகழ்த்திய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசக் கேட்டுப் பழகிய உங்களிடம் இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் ஓர் உப்புநீர்ப் பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது டாக்டர்களும் தாதிகளும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமாயிற்றே, நமக்கெதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பை என்றைக்காவது நம் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் தொங்கத்தான் போகிறது. அது போதுமான அளவு கிடைக்காத நாள் ஒன்று வந்தால் என்ன செய்வது, யார் செய்வது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். உலகத்தில் அப்படிப்பட்ட நாள்கள் பல வந்திருக்கின்றன. இனியும் வரும்.

தோட்டத்தில் பிறந்து தாதித் தொழிலுக்கு வந்த எங்களுக்கு ஒன்று தெரியும். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால், "அம்மா, ஒரு தண்ணி ஏத்தி விடுங்க, தெம்பு வரும்" என்றுதான் நம் மக்கள் கேட்பார்கள். ஏற்றாமல் அனுப்பிவிட்டால், "ஏழை என்று பார்த்துச் சும்மா அனுப்பிவிட்டார்கள்" என்று வருத்தப்படுவார்கள். ஆகவே, அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பைக்குள் இருப்பது என்ன?

ஒரு லிட்டர் சுத்த நீரில் 9 கிராம் உப்பு. அவ்வளவுதான். நம் குழம்பில் போடும் அதே வகை உப்பு. நம் இரத்தத்தின் உப்புக்கு ஏறக்குறைய ஒத்த அளவு என்பதால் அது இரத்தக் குழாயில் கலந்தாலும் கெடுதல் செய்வதில்லை. அதில் சோற்றின் சத்தோ மீனின் சத்தோ கிடையாது. சர்க்கரை சேர்ந்த வேறொரு பையும் உண்டு. 5 சதவிகிதம் குளுக்கோஸ் கொண்ட அந்தப் பையில், ஒரு லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரைதான் இருக்கும். ஒரு வேளைச் சோறு கொடுக்கும் தெம்பைக்கூட அது கொடுக்காது.

அப்படியானால் ஏன் அதை உயிர்நீர் என்கிறோம்? வாந்தியாலும் பேதியாலும் இரத்தப்போக்காலும் உடம்பின் நீர் வற்றி, நாடி தளர்ந்து, வாயால் குடிக்கவும் முடியாத நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், இரத்தக் குழாய் வழியாக நீர் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த நேரத்தில் அது நிச்சயமாக உயிர்நீர்தான்.

இதனை முதன்முதலில் செய்து காட்டியவர் தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1832ஆம் ஆண்டில் எடின்பரோவுக்கு அருகிலுள்ள லீத் என்ற துறைமுக ஊரில் காலரா பரவியது. சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் இரத்தக் குழாயில் அவர் உப்புநீரைச் செலுத்தினார். குழிவிழுந்த கண்கள் தெளிந்தன, குளிர்ந்த கைகால்கள் சூடேறின. பிழைத்துவிட்டாள் என்று நம்பி, ஆஸ்பத்திரி வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டு லாட்டா போனார். பேதியும் வாந்தியும் மறுபடி தொடங்கின. மறுபடி நீர் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனாள்.

தோழர்களே, இந்தச் சம்பவத்தை நன்றாக நினைவில் வையுங்கள். நீர் அவளை எழுப்பியது உண்மை. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்து, போனதற்கு ஈடாக மறுபடி கொடுக்க ஆள் இல்லாமற் போனதால் உயிர் போயிற்று. இன்று நாங்கள் சொல்லப்போகும் விஷயம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நம் ரப்பரும் அந்தக் குழாயும்

பால்மரம் வெட்டும் தோழர்களுக்கு இன்னொரு செய்தி. பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால், கண்ணாடிப் புட்டியிலிருந்து நோயாளியின் கைக்கு அந்த நீரைக் கொண்டுவந்தது ரப்பர் குழாய்தான். ரப்பர்க் காடுகளில் விடியற்காலை இருட்டில் வெட்டி, மங்கில் சொட்டிய பால் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் குழாயாகி உயிர் காத்தது. அந்தக் குழாய்களைக் கழுவி, வேகவைத்து, மறுபடி மறுபடி உபயோகித்தார்கள். அந்த வேலை பெரும்பாலும் தாதிகளுடையது.

ஆனால் நீர் ஏற்றிய சற்று நேரத்தில் நோயாளிக்கு நடுக்கமும் கடும் காய்ச்சலும் வருவதுண்டு. காரணம் வெகுகாலம் விளங்கவில்லை. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புளோரன்ஸ் சைபர்ட் என்ற பெண் விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். வடித்த நீரிலும் கிருமிகள் விட்டுச் சென்ற கழிவு தங்கிவிடுகிறது, கிருமி செத்தாலும் அந்தக் கழிவு காய்ச்சலை உண்டாக்குகிறது என்று நிரூபித்தார். வெறும் உப்பும் தண்ணீரும்தானே, நம் அடுப்படியிலேயே காய்ச்சி ஏற்றிவிடலாமே என்று ஏன் யாரும் செய்யக்கூடாது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? வாயால் குடிக்கும் நீருக்கு வயிறு ஒரு காவற்காரன். இரத்தத்தில் நேராகச் செல்லும் நீருக்குக் காவற்காரன் கிடையாது. அதனால்தான் அதைச் செய்யப் பெரிய, சுத்தமான, விலையுயர்ந்த தொழிற்சாலை வேண்டியிருக்கிறது.

தட்டுப்பாடு எப்படி வருகிறது?

உப்புநீர்ப் பை மலிவான சரக்கு. லாபம் சொற்பம். தொழிற்சாலை கட்டும் செலவோ அதிகம். ஒரு லிட்டர் பை ஒரு கிலோ எடை. தூர தேசத்திலிருந்து கொண்டுவந்தால் கூலியே கட்டுப்படியாகாது. ஆகவே, ஒரு நாட்டுக்கு இரண்டு மூன்று முதலாளிகளே இதைச் செய்கிறார்கள். ஒன்று நின்றால் நாடே தவிக்கிறது.

2017ஆம் ஆண்டு செப்டம்பரில் மரியா என்ற புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. மருந்து கலந்து ஏற்றுவதற்கான சிறு உப்புநீர்ப் பைகளில் பெரும் பகுதியை அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய தொழிற்சாலைகள் அங்கே இருந்தன. மின்சாரம் போயிற்று, பைகள் நின்றன. ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் என்ற புயல் வடகரோலினா மாநிலத்தில் மேரியன் என்ற ஊருக்கு அருகிலிருந்த பாக்ஸ்டர் கம்பெனியின் தொழிற்சாலைக்குள் வெள்ளத்தைக் கொண்டு வந்தது. அமெரிக்கா முழுவதற்கும் தேவையான உப்புநீரில் சுமார் 60 சதவிகிதம் அந்த ஒரே இடத்தில் தயாரானது. நாளொன்றுக்குச் சுமார் 15 லட்சம் பைகள்! உலகத்திலேயே பணக்கார நாட்டின் ஆஸ்பத்திரிகள் உப்புத் தண்ணீருக்கு ரேஷன் போட்டன.

புயலால்தான் தட்டுப்பாடு வரும் என்பதும் இல்லை. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துகள் வரவில்லை. நம் இனத்தவர் வாழும் மலைநாட்டுக்கு அருகே, பேராதனை ஆஸ்பத்திரியில் அந்த ஆண்டு மார்ச் மாதம் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. காசு தீர்ந்தாலும் கட்டில் காலியாகாது என்பதற்கு அது சாட்சி.

நம் பினாங்கிலும் இந்தத் தொழில் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மானிய பி. பிரவுன் கம்பெனி மருத்துவச் சாமான்கள் செய்கிறது. கையில் குத்தும் ஊசிக் குழாய்கள் அங்கிருந்து பல நாடுகளுக்குப் போகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தத் தொழிற்பேட்டையில் உழைக்கிறார்கள். ஒரு தேசத்தில் தொழிற்சாலை நின்றால் இன்னொரு தேசத்தில் நோயாளி தவிக்கிறான் என்பதை நம்மைவிட யார் நன்றாக அறிவார்கள்?

போங்காவ் கற்றுத் தந்த பாடம்

தட்டுப்பாட்டில் என்ன செய்வது என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது பணக்கார நாடு அல்ல. 1971ஆம் ஆண்டு, வங்காள தேச யுத்தம். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். போங்காவ் என்ற எல்லை ஊரில் காலரா கொள்ளை கொண்டு போனது. அங்கிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் கட்டில்கள் போதாமல் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். ஏற்றுவதற்கான உப்புநீர் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

கல்கத்தாவிலிருந்து போயிருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவு செய்தார். 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு இவற்றை ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலங்களாகக் கட்டச் செய்தார். நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். தாயும் தகப்பனும் அண்ணனும் அக்காளும் குவளையில் பிடித்து வந்து தங்கள் நோயாளிக்கு ஊட்டினார்கள். எஞ்சியிருந்த உப்புநீர், நாடி ஒடுங்கிப்போனவர்களுக்கு மட்டும் ஏற்றப்பட்டது. அவர்களும் தெளிந்து விழுங்க முடிந்ததும் குவளைக்கு மாற்றப்பட்டார்கள்.

பலன் என்ன? அதற்குமுன் முகாம்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் அது நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. குடிக்க வைத்தே காலராவை வெல்லலாம் என்பதைப் பல டாக்டர்கள் ஆரம்பத்தில் நம்பவில்லை. பின்னர் உலக சுகாதார நிறுவனம் அதை உலகமெங்கும் பரப்பியது. மஹலனாபிஸ் 2022ஆம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. 2017 புயலுக்குப் பின் தட்டுப்பாடு வந்தபோது, பாஸ்டன் நகரில் புகழ்பெற்ற பிரிகாம் ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் இயன்றவர்களுக்கு வாய்வழி நீர் கொடுக்கும் முறையைக் கையாண்டது. அதன் டாக்டர்கள் 2018இல் அதை மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். அகதி முகாமின் குவளை அமெரிக்காவின் மாளிகை போன்ற ஆஸ்பத்திரிக்குள்ளே மரியாதையோடு நுழைந்தது. ஆகவே, வாயால் குடிக்கக் கொடுப்பது ஏழைக்கு ஏற்ற மட்டமான வைத்தியம் என்று இனி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாதிகள் என்ன செய்கிறார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். பை குறையும் காலத்தில் வார்டில் தாதியின் வேலை எப்படி மாறுகிறது?

முதலாவது, காலைதோறும் ஒவ்வொரு கட்டிலாகச் சென்று கேட்பது: இவருக்கு இன்றும் ட்ரிப் வேண்டுமா? நேற்று எழுதினார்கள் என்பதற்காக இன்றும் ஓடுகிறதா? கஞ்சி குடிக்கிறவருக்கு, மாத்திரை விழுங்குகிறவருக்கு ட்ரிப் எதற்கு? டாக்டரிடம் துணிந்து கேட்டு நிறுத்த வைப்பது தாதியின் பொறுப்பு. வாயால் விழுங்க முடியாவிட்டாலும் வயிறு நன்றாக இருப்பவருக்கு மூக்குவழிக் குழாய் மூலம் நீர் கொடுக்கலாம். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் நடுராத்திரி முதல் வாய் வறண்டு கிடக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து டாக்டர் சம்மதித்தால் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை தெளிந்த நீர் அருந்தலாம்.

இரண்டாவது, "ஊசி அடைபடாமல் இருக்கட்டும்" என்று சும்மா சொட்டவிடும் வழக்கத்தை ஒழிப்பது. ஊசிக் குழாயை மூடி வைத்து, வேளாவேளைக்குச் சில மில்லி உப்புநீரால் அலசினால் போதும். நாள் முழுவதும் வீணாய்ச் சொட்டும் பை மிச்சம்.

மூன்றாவது, சிறு பையில் கலந்து அரை மணி நேரம் ஏற்றும் மருந்துகளில், இடம் தரும் சிலவற்றை மட்டும் சிரிஞ்சில் எடுத்துக் கையால் மெதுவாகச் செலுத்துவது. கேட்பதற்கு எளிது. ஆனால் பை தானாகச் சொட்டும். கை தானாகச் செலுத்தாது. மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ கடிகாரத்தைப் பார்த்தபடி, நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி, தாதி அங்கேயே நிற்க வேண்டும். எல்லா மருந்துக்கும் இது ஆகாது. வான்கோமைசின் என்ற மருந்தை வேகமாகச் செலுத்தினால் உடம்பு சிவந்து இரத்த அழுத்தம் விழும். பொட்டாசியம் மருந்தை நேராகச் செலுத்தினால் இருதயம் நின்றுவிடும். எது ஆகும், எது ஆகாது என்பதை மருந்தாளர் எழுதித் தர, தாதி அதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, தேவை வருமுன்பே பையைத் திறந்து குழாய் மாட்டித் தயாராக வைக்கும் பழக்கத்தை விடுவது. அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனால் அந்தப் பை குப்பைக்குத்தான் போகும்.

ஐந்தாவது, கிடைத்த பையைக் கொண்டு சமாளிப்பது. ஒரு லிட்டர் பைக்குப் பதில் அரை லிட்டர் வரும். வழக்கமான கம்பெனிக்குப் பதில் வேறு தேசத்துப் பை வரும். எழுத்து வேறு, நிறம் வேறு, குழாய் மாட்டும் வாய் வேறு. பழகிய கண் ஏமாந்துபோகும் இடம் இது. ஆகவே, இரண்டு தாதிகள் சேர்ந்து படித்து, சேர்ந்து ஒப்பமிட்டு மாட்டுகிறார்கள்.

ஆறாவது, துளி எண்ணுவது. யந்திரம் இல்லாத இடத்தில், அளவாகக் கொடுக்கக் கணக்குத்தான் துணை. ஒரு மில்லிக்கு 20 துளி விழும் குழாயில் 500 மில்லி நீரை 4 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10,000 துளி. 240 நிமிடத்துக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு 42 துளி. கடிகாரத்தைக் கையில் வைத்து எண்ணித் திருகைச் சரிசெய்ய வேண்டும். நோயாளி கையை மடக்கினால் துளி குறையும், எழுந்து உட்கார்ந்தால் மாறும். மறுபடி எண்ண வேண்டும். மங்கில் பால் விழும் வேகத்தைப் பார்த்தே மரத்தின் நிலையைச் சொல்லும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஏழாவது, கணக்கு எழுதுவது. உள்ளே போனது எவ்வளவு, சிறுநீராகவும் வாந்தியாகவும் வெளியே வந்தது எவ்வளவு என்று மணிக்கு மணி எழுத வேண்டும். கிராணிமார் செக்ரோலில் ஒரு பெயர் விட்டால் ஒரு குடும்பத்துக்குச் சம்பளம் குறையும். தாதி இந்தத் தாளில் ஒரு வரி விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எதைக் குறைக்கலாகாது?

சிக்கனம் என்றால் எல்லாவற்றிலும் கை வைப்பதல்ல. ஒரு பையை இரண்டு நோயாளிக்குப் பங்கிடுவது ஒருநாளும் கூடாது. ஊசியை மாற்றினாலும் ஒருவர் இரத்தம் குழாய்க்குள் திரும்பி ஏறியிருக்கும். காலாவதியான பையையோ கலங்கிய பையையோ மாட்டுவது கூடாது. நாடி ஒடுங்கியவர், இரத்தம் கொட்டுகிறவர், கண் சொருகிக் கிடக்கும் பிள்ளை இவர்களுக்கு ஒரு துளியும் குறைக்கலாகாது. மற்ற இடங்களில் மிச்சம் பிடிப்பதெல்லாம் இவர்களுக்காகத்தான்.

பினாங்கு மக்கள் இதில் டெங்கிக் காய்ச்சலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1902ஆம் ஆண்டிலேயே பினாங்கில் டெங்கி கண்டதாக டாக்டர் ஸ்கே என்பவர் எழுதிவைத்தார். இரத்தக் கசிவோடு கூடிய கொடிய டெங்கி இந்நாட்டில் முதன்முதலில் வெளிப்பட்டதும் 1962இல் இதே பினாங்கில்தான்.

இந்தக் காய்ச்சலின் சூது என்னவென்றால், ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிர்ந்ததும், "சரியாகிவிட்டது, நாளைக்கு வெட்டுக்குப் போகலாம்" என்று எண்ணுவோம். அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். அப்போது நீர் குறைவாய்க் கொடுத்தால் நாடி விழும். அதிகமாய்க் கொடுத்தால் நீர் நெஞ்சில் கோத்து மூச்சு முட்டும். உளி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாய்ப் போனால் பால் இல்லை என்பது போன்ற நுட்பம் இது. இதை யந்திரம் மட்டும் பார்த்துக்கொள்ளாது. இரத்தப் பரிசோதனையையும் நாடியையும் சிறுநீரையும் சேர்த்துப் பார்த்துத் துளியைக் கூட்டிக் குறைக்க ஓர் ஆள் அருகில் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பேதி கண்டால் ஆரம்பத்திலேயே குடிக்கக் கொடுங்கள். கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதிய அளவு நீரில் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கரண்டி கரண்டியாக ஊட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

டெங்கி என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பினால், பெரியவர்கள் நாளைக்கு ஐந்து குவளைக்குக் குறையாமல் பார்லி நீர், கஞ்சி, பால், பழச்சாறு, ஓ.ஆர்.எஸ். என்று மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புருஃபன் போன்றவை வேண்டாம். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், சோர்ந்து மயங்குதல், நாலு முதல் ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். நடு இரவானாலும் வண்டி கேளுங்கள். அங்கே ட்ரிப் உங்கள் உரிமை.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குத் துணையாய் இருக்கிறவர்கள், எத்தனை குவளை குடித்தார், எத்தனை முறை சிறுநீர் போனார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தாதியிடம் கொடுங்கள். போங்காவில் குவளை பிடித்த உறவினர்கள் செய்த தொண்டுக்கு அது ஒப்பாகும். ட்ரிப்பின் திருகை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாங்கள் சொன்ன ஏழு வழிகளையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் பையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் ஒவ்வொன்றும் தாதியின் நேரத்தைக் கேட்கிறது. சிரிஞ்சுடன் நிற்கும் ஐந்து நிமிடம், கரண்டியால் ஊட்டும் அரை மணி, இருவர் சேர்ந்து படிக்கும் சீட்டு, எண்ணும் துளி, எழுதும் கணக்கு எல்லாம் அவளுடைய நேரம். பை குறைந்த ஆஸ்பத்திரியில் தாதியும் குறைந்தால், லீத் நகரத்து மூதாட்டிக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். ஆகவே, ஆஸ்பத்திரியில் கட்டில் எத்தனை, மருந்து எத்தனை என்று கேட்கும் நாம், இரவுக் காவலில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி என்றும் கேட்க வேண்டும். நிரையில் மரம் அதிகமாகி ஆள் குறைந்தால் வெட்டு கெடும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார்டுக்கும் அதே கணக்குத்தான்.

 வீட்டுக்குப் போனதும், கரண்டிக் கணக்கையும் ஆபத்துக் குறிகளையும் அடுத்த வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு எங்கள் உரையை முடிக்கிறோம்.